கொழுக்குமலை ஜீப் பாதை: தேனி, இடுக்கி ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேனி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், இடுக்கி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு மாநிலங்களின் ஆட்சியர்களுக்கு ஒரே மடலை எழுதுவது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். கொழுக்குமலை விஷயத்தில் வேறு வழி தெரியவில்லை. மலையும் அதன் தேயிலைத் தோட்டமும் தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் இருக்கின்றன. அங்கே ஏறும் வண்டிப்பாதையோ கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லியில் தொடங்குகிறது. உங்களில் ஒருவருக்கு மட்டும் எழுதினால், அவர் மற்றவரைக் கைகாட்டுவதற்கு நியாயமான காரணமே இருக்கிறது. அந்த நியாயமான காரணத்தினால்தான் அந்தப் பாதை இத்தனை காலமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இருவரும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். குரங்கணி வழியாகக் கால்நடையாகவும், சூரியநெல்லி வழியாக ஜீப்பிலும் பல ஆண்டுகளாக அந்த மலைக்குப் போய்வருகிறவன். மேலே எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. கீழே ஜீப் ஓட்டுகிறவர்களிலும் உண்டு. மூணாறுக்கு வரும் கூட்டம் பெருகப் பெருக, கொழுக்குமலைப் பாதையைப் பற்றி இரண்டு பேச்சுகள் மாறி மாறி என் காதில் விழுகின்றன. ஊர் சுற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள், “இவ்வளவு பேர் வருகிற இடத்துக்கு ஒரு தார்ச்சாலை போடக்கூடாதா?” என்கிறார்கள். எங்காவது ஒரு ஜீப் கவிழ்ந்த செய்தி வந்ததும், “இந்தச் சவாரிகளையே மொத்தமாக நிறுத்துங்கள்” என்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கருத்து. அந்தப் பாதைக்குத் தார் போடாதீர்கள். தார் போடவில்லை என்பதையே சாக்காக வைத்து அதைக் கைவிட்டும் விடாதீர்கள். ஜீப் மட்டும் ஏறக்கூடிய மண் பாதையாகவே அது இருக்கட்டும். ஆனால் பொறுப்பேற்க ஆள் உள்ள பாதையாக இருக்கட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சூரியநெல்லியிலிருந்து மேலே போய்ச்சேர 12 கிலோமீட்டர் அளவுதான். அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். தோட்டத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் தார் முடிந்துவிடும். அந்த இடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியைப் பிடித்து இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுப்பார். அதற்கு மேல் வேகம் என்பதே கிடையாது. முன்சக்கரம் ஒரு பாறையின் மேல் ஏறும்போது பின்சக்கரம் எந்தக் குழியில் இறங்கும் என்பதை அவர் முன்கூட்டியே கணித்து ஸ்டீயரிங்கை ஒடிக்கிறார். சில வளைவுகளை ஒரே திருப்பில் கடக்க முடியாது. பாதி திரும்பி, நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடியும் ஒடிக்க வேண்டும். அப்படிப் பின்னால் எடுக்கிற நேரத்தில் பள்ளத்தின் பக்கம் இருப்பது பின்னிருக்கைக்காரர்கள். பக்கவாட்டில் எதிரெதிராகப் போட்ட பெஞ்சில், கூரைக் கம்பியைப் பிடித்தபடி, பெல்ட் இல்லாமல் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம் கடினம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் ஏறிய அதே கீழ் கியரில், கிளட்சைத் தொடாமல், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி அங்குலம் அங்குலமாக இறக்குகிறார்கள். எதிரே ஏறிவரும் வண்டியைக் கண்டால் இறங்குகிறவர்தான் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். மலைச்சாலை விதியும் அதுதான், அங்கே நடைமுறையும் அதுதான். ஏனென்றால் ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை ஈரக் கல்லின் மேல் மறுபடியும் கிளப்புவது பெரும்பாடு.

இதையெல்லாம் ஓட்டுநர்களைப் புகழ்வதற்காக மட்டும் எழுதவில்லை. அவர்கள் புகழுக்கு உரியவர்கள்தான். அப்படி ஓட்டத் தெரிந்தவர்கள் வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் இன்று அந்தப் பாதையில் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு மனிதரின் கையும் கண்ணும் மட்டுமே. தடுப்புச்சுவர் பெரும்பாலும் கிடையாது. வடிகால் கிடையாது. பல இடங்களில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அவர் முந்தின இரவு தூங்கினாரா, வண்டியின் பிரேக் எப்படி இருக்கிறது, அன்றைக்கு அது எத்தனையாவது டிரிப் என்று தினமும் கேட்பதற்கு ஓர் அலுவலர் இல்லை. நூறு நாள் நன்றாக ஓட்டியவர் நூற்றொன்றாவது நாள் களைத்திருந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்து, பிறகு நிபந்தனைகளோடு திறந்துவிட்டதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அந்த நிபந்தனைகள் ஒரு சீசனோடு நீர்த்துப்போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அப்படியானால் தார்ச்சாலையே போட்டுவிடலாமே என்ற கேள்விக்கு வருகிறேன்.

உச்சி கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்தில் இருக்கிறது. உலகிலேயே மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்ற பெயர் அதற்கு உண்டு. மேலே காட்சி முனையாக இருப்பது குறுகலான ஒரு மலைமுதுகு. ஒருபக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம் தேனிச் சமவெளிவரை இறங்கும் செங்குத்து. இருபது ஜீப்புகள் நின்றாலே அங்கே நெரிசல். இன்று சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. அனுமதித்தாலும் அந்தக் கற்களின் மேல் கார் ஏறாது. அந்தக் கரடுமுரடுதான் உச்சிக்குக் காவல். தார் போட்டால் அந்தக் காவல் போய்விடும். ஒரு நீண்ட வார இறுதியில் மூணாறு நகருக்குள் வண்டிகள் எப்படி நகர முடியாமல் நிற்கின்றன என்று இடுக்கி ஆட்சியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வரிசை அப்படியே மலைமுதுகின் மேல் வந்து நிற்கும். அதற்கு அடுத்தபடியாக வண்டி நிறுத்த இடம் கேட்பார்கள். இடம் வேண்டுமென்றால் சரிவை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தங்கும் விடுதி கேட்பார்கள்.

சரிவை வெட்டினால் என்ன ஆகும் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம். மூணாறிலிருந்து சூரியநெல்லிக்கு வருகிறவர்கள் கடக்கும் கேப் ரோட்டையே பாருங்கள். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக அங்கே பாறையை உடைத்தார்கள். 2019-இலும் 2020-இலும் அதே இடத்தில் மலை சரிந்தது. கீழே இருந்த விளைநிலங்களின் மேல் பாறையும் மண்ணும் போய் விழுந்தன. போடியிலிருந்து மூணாறுக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் சுற்றுவழியில் போனோம். சாலை இப்போது அகலமாக, அழகாக இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அது தாங்குமா என்ற பயமும் கூடவே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு தேவை இருந்தது என்றாவது சொல்லலாம். சூரிய உதயம் பார்க்க இன்னும் நூறு கார்கள் ஏறுவதற்காகக் கொழுக்குமலையின் விலாவை வெட்டுவதை என்ன சொல்லி நியாயப்படுத்துவது?

ஆனால் என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. அதைக் கேட்க முழு உரிமை உள்ளவர்கள் மேலே தங்கி வேலை செய்கிறவர்கள். “பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கரடுமுரடு ஒரு அனுபவம். எங்களுக்குத் தினப்படி வழி. நல்ல சாலை வேண்டாம் என்று எங்களுக்காகச் சொல்ல நீ யார்?” என்று அவர்கள் கேட்டால் நான் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

மேலே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஒரு ஜீப் இருக்க வேண்டும். பின்னிருக்கைகளுக்கு நடுவே போர்வையை மடித்துப் போட்டு அவரைப் படுக்கவைக்க வேண்டும். வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப்போடாமல் இருக்க இருபக்கமும் இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே சூரியநெல்லிக்கு இறங்கி, பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு வந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால்தான் போடி அரசு மருத்துவமனை. தேனி மாவட்டத்தில் வாழும் ஒருவர் தேனி மாவட்டத்தின் மருத்துவமனைக்கு வந்துசேர இன்னொரு மாநிலத்துக்குள் புகுந்து சுற்றிவர வேண்டியிருக்கிறது. குரங்கணி நேர் கீழேதான் இருக்கிறது. ஆனால் அது செங்குத்தான நடைபாதை. நோயாளியை அந்த வழியாக இறக்குவதென்றால் நல்ல கால் உள்ள ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

இதற்குத் தார்ச்சாலைதான் ஒரே பதில் என்று நான் நம்பவில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள ஒரு ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சரோடும் ஆக்சிஜனோடும், பயிற்சி பெற்ற உதவியாளரோடும் சூரியநெல்லியிலோ மேலேயோ எப்போதும் நிற்க வேண்டும். தமிழ்நாட்டு வண்டியா, கேரள வண்டியா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிக்கு இடுப்பு எலும்பு முறிந்தாலும் அதே வண்டிதான், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தாலும் அதே வண்டிதான். கூடவே, பாதை முழுவதும் வேலை செய்யும் தகவல் தொடர்பு வேண்டும். செல்பேசிக் கோபுரம் உடனே சாத்தியமில்லை என்றால், முக்கியமான இடங்களில் வயர்லெஸ் கருவியாவது இருக்கட்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய குழந்தைகளும். அந்தச் செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில்தான். தொடர்பு இல்லை, போகும் வழியில் பெரியவாரையில் பாலமும் சேதமடைந்திருந்தது. மழை அடித்த ஓர் இரவில் கொழுக்குமலை லயன் வீடுகளில் ஏதாவது நடந்தால் நமக்கு எப்போது தெரியவரும்?

இனி பாதையைப் பற்றி. மண் பாதையைக் கெடுப்பது சக்கரத்தைவிடத் தண்ணீர்தான். சக்கரம் ஓடிய தடத்தில் மழைநீர் இறங்குகிறது. இறங்குகிற நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, கல் மட்டும் மிஞ்சுகிறது. தடம் ஆழமானதும் ஓட்டுநர் அதைத் தவிர்த்து ஓரமாகப் போகிறார். ஓரம் இடிகிறது. அடுத்த மழையில் நீர் புதிய தடத்தில் இறங்குகிறது. இப்படியே போனால் ஒருபக்கம் தேயிலைச் செடியின் வேர் வெளியே தெரியும், மறுபக்கம் பள்ளம் ஓர் அடி நெருங்கியிருக்கும். இரண்டும் அந்தப் பாதையில் நான் கண்ணால் கண்டவை.

இதைத் தடுக்கும் வேலை பெரிய வேலையல்ல. நீர் பாதையோடு நெடுக ஓடாமல், குறிப்பிட்ட இடைவெளியில் சாய்வாகக் கல் பதித்த குறுக்கு வடிகால்கள் அமைத்து அதை ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். மலையின் பக்கம் உள்ள வாய்க்காலை மே மாதத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை தூர்வார வேண்டும். ஏனென்றால் அந்த மலை தென்மேற்குப் பருவமழையையும் வாங்குகிறது, வடகிழக்குப் பருவமழையையும் வாங்குகிறது. ஓரம் இடிந்த இடங்களில் சிமென்ட் பூசாத கல்லடுக்குச் சுவர் போதும். நீர் கசிந்து போக அது வழிவிடும், மலை அதைத் தள்ளிவிடாது. ஏற்றம் மிகக் கடுமையாக இருக்கும் சில இடங்களிலும், பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும் வளைவுகளிலும் மட்டும், இரண்டு சக்கரங்கள் உருளும் அகலத்துக்கு இரண்டு கான்கிரீட் பட்டைகள் போடலாம். நடுவில் கல்லும் புல்லும் அப்படியே இருக்கட்டும். அப்படிச் செய்தால் ஆம்புலன்ஸ் ஏறும், தேயிலை மூட்டையோடு வண்டி இறங்கும், நோயாளியின் உடம்பு குலுங்காது. சொந்தக் கார் அப்போதும் ஏறாது. மலையை ஓர் அங்குலம்கூட வெட்ட வேண்டியதில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பாதையின் பெரும்பகுதி தனியார் தோட்டத்துக்குள் போகிறது என்பதும், அரசுப் பணத்தை அங்கே செலவிடுவதில் சட்டச் சிக்கல் உண்டு என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே போகிற ஒவ்வொரு பயணியும் வாடகையாகவும் நுழைவுக் கட்டணமாகவும் பணம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பாதைக்கே திரும்ப வேண்டும் என்று ஓர் உடன்பாடு போட உங்களால் முடியும். எவ்வளவு வசூலானது, எவ்வளவு பாதைக்குச் செலவானது என்று சூரியநெல்லியில் ஒரு பலகையில் மாதாமாதம் எழுதிவையுங்கள். கல்லடுக்கு வேலையும் வடிகால் வேலையும் அந்தத் தோட்டக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேலை. கூலியை அவர்களுக்கே கொடுங்கள்.

அடுத்து, விடியற்காலை. கொழுக்குமலை என்றாலே சூரிய உதயம் என்று ஆகிவிட்டது. அது அற்புதமான காட்சிதான், மறுக்கவில்லை. தேனிச் சமவெளி முழுவதும் வெண்மேகம் பரவிக் கிடக்க, அதன் விளிம்பில் செம்மை படர்ந்து, சிங்கப்பாறையின் முகம் மெல்ல மெல்லத் துலங்கும்போது எவ்வளவு பேசுகிறவரும் வாயடைத்துப் போய்விடுவார். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக எல்லா ஜீப்புகளும் இருட்டில், ஒரே நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. முன்வண்டி கிளப்பும் தூசியில் பின்வண்டியின் விளக்கு எதையும் காட்டுவதில்லை. விடுதியில் தூங்கிவிட்டு அரை மணி நேரம் தாமதமாக வரும் பயணிகள், “எப்படியாவது சூரியன் வருவதற்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்” என்று ஓட்டுநரை நெருக்குகிறார்கள். காட்சி தவறிவிட்டால் பழி அவர்மேல்தான் விழுகிறது. அந்த அரை மணி நேரத்தை அவர் எங்கே ஈடுகட்டுவார்? வளைவுகளில்தான்.

தங்கியிருக்கும் இடம் மூணாறு என்றால், அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பிச் சின்னக்கானல் வழியாக வர வேண்டும். யானைகள் நடமாடும் வழி அது, யானைகள் நடமாடும் நேரமும் அதுதான். அரிக்கொம்பன் என்ற யானையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அதைப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம் போவதற்குள் அது கம்பம் நகரின் தெருக்களில் ஓடியது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடியும் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. இடுக்கியின் சிக்கல் தேனியின் சிக்கலாக எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆகவே, ஒரு நாளைக்கு இத்தனை ஜீப்புகள்தான் என்று ஒரு வரம்பு வையுங்கள். அந்த வரம்பை உச்சியில் எத்தனை வண்டி நிற்க முடியும் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். கீழே எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை வைத்து வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் கிளம்பும் நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொடுங்கள். அந்த நேரத்துக்கு வராதவர்கள் உதயத்துக்குப் பிந்திய முறையில்தான் ஏற முடியும் என்று சூரியநெல்லிச் சாவடியில் சொல்பவர் ஓட்டுநராக இருக்கக் கூடாது, அரசு ஊழியராக இருக்க வேண்டும். பயணியோடு சண்டை போடும் பாரம் ஓட்டுநரின் தலையில் விழக் கூடாது. சுழற்சி முறையில் டிரிப் கொடுத்து, ஒரே ஆள் விடியற்காலையிலும் ஓட்டி மாலையிலும் ஓட்டும் நிலையைத் தவிர்க்க வேண்டும். அதனால் அவருடைய வருமானம் குறையுமென்றால் வாடகையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கொடுக்க வருகிறவர்களால் கொடுக்க முடியும். பின்னிருக்கைக்குப் பெல்ட்டும், வண்டி உருண்டால் நசுங்காத இரும்புக் கூண்டும் இல்லாத ஜீப்புக்குச் சீட்டே கொடுக்கக் கூடாது. சீசன் தொடங்குவதற்கு முன் மோட்டார் வாகன அலுவலர்கள் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் அந்த மலையிலேயே இறக்கிப் பார்க்க வேண்டும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் அங்கே உதவாது.

இறங்கும் வேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்சி முடிந்து ஜீப்புகள் வரிசையாக இறங்குகிற நேரமும், பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. தலையில் சாக்கைப் போர்த்தி, தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி அவர்கள் ஒவ்வொரு ஜீப்புக்கும் செடிகளுக்குள் ஒதுங்கி நிற்கிறார்கள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்கள். ஜீப் போகும், இரண்டடி நடப்பார்கள், அடுத்தது வரும். பாதையோரச் செடிகளில் கொழுந்தின் பச்சையே தெரியாது. இலை நுனிவரை மண் பூசியிருக்கும். 1930-களில் கட்டிய ஆலையில் இன்றைக்கும் பழைய முறையில் இலையை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்துத் தேயிலை செய்கிறார்கள் என்று பெருமையோடு காட்டுகிறோம். அந்த இலையைப் பறிக்கிறவர்கள் நடப்பதற்கு இரண்டடி அகலத்தில், ஜீப் தடத்திலிருந்து விலகி, தோட்டத்துக்குள்ளேயே ஓர் ஒற்றையடிப் பாதை ஒதுக்கித் தரக்கூடாதா? வண்டிகள் இறங்கும் நேரத்தை அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்திலிருந்து சற்றுத் தள்ளி வைக்கக்கூடாதா? செலவே இல்லாத காரியம் இது.

குரங்கணியைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களும் பெண்களும் அவர்கள். எங்கள் ஊர் மருத்துவமனை அன்றிரவு எப்படி இருந்தது என்பதை நான் எழுத மாட்டேன். அதற்குப் பிறகுதான் விசாரணை நடந்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வழிகாட்டி வேண்டும், எண்ணிக்கை வரம்பு வேண்டும், தீக்காலத்தில் மூட வேண்டும் என்ற பேச்சே வந்தது. 2024-இல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களோடு நடக்கலாம். நல்ல ஏற்பாடு. மலையின் இந்தப் பக்கத்து நடைபாதைக்கு அது கிடைக்க 23 பேர் சாக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து ஜீப் பாதைக்கும் அதே கணக்கைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

காத்திருக்க நேரமும் அதிகம் இல்லை. 2030-இல் நீலக்குறிஞ்சி பூக்கும். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 2018-இல் பூத்தபோது கொழுக்குமலைச் சரிவும் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் கேரளத்தையே முடக்கிப்போட்டதால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அடுத்த முறை வரும். 2018-இல் இருந்ததைவிட இன்று ஒரு மலையின் படம் கைபேசிகளில் பரவும் வேகம் பன்மடங்கு. குறிஞ்சி பூக்கும் மாதங்களோ மழையை ஒட்டிய மாதங்கள். பாதை மிக மோசமாக இருக்கும் காலம். வடிகாலும் வரம்பும் ஆம்புலன்ஸும் அதற்குள் பழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். கூட்டம் வந்து நின்ற பிறகு தடை உத்தரவு போடுவதால் ஓட்டுநர்கள் பிழைப்பை இழப்பார்கள், தடையை மீறி ஏறுகிறவர்கள் உயிரை இழப்பார்கள்.

இந்த மலைக்கும் போடிக்கும் உள்ள உறவு மாநில எல்லையைவிடப் பழையது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, எங்கள் ஊர் வழியாகத்தான் வெளியுலகுக்குப் போனது. மேலே வேலைக்குப் போன குடும்பங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்து ஏறியவைதான். எல்லை பிரிந்ததில் அவர்கள் மேலே ஒரு மாநிலத்தில், வழி வேறொரு மாநிலத்தில் என்று ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய எல்லையைத் திருத்த வேண்டியதில்லை. இந்த ஒரு பாதைக்கென்று இரண்டு மாவட்டங்களின் வருவாய், வனம், காவல், மருத்துவம், மோட்டார் வாகனத் துறைகளும், ஓட்டுநர்களின் பிரதிநிதியும், தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதியும் அமர்ந்து பேசும் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தால் போதும். அதில் தொழிலாளர் பிரதிநிதி கட்டாயம் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கூட்டத்தைத் தேனியிலோ, இடுக்கி ஆட்சியர் அலுவலகம் உள்ள பைனாவிலோ அறைக்குள் வைக்காமல் பாதையிலேயே வையுங்கள். மழை தொடங்குவதற்கு முன் மே மாதத்தில் ஒரு வேலை நாளாகப் பார்த்து, சூரியநெல்லியிலிருந்து இருவரும் ஒரே ஜீப்பில், முன்னிருக்கையை விட்டுவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஏறுங்கள். உதயத்துக்காக வேண்டாம், பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போங்கள். நான் இங்கே எழுதியவற்றில் எது சரி, எது தவறு என்று அவர்களிடம் கேளுங்கள். தார்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணம் ஒவ்வொன்றுக்கும் ஆம்புலன்ஸாகவோ, வடிகாலாகவோ, கான்கிரீட் பட்டையாகவோ, ரேஷன் வண்டியாகவோ வேறு பதில் இருக்கிறதா என்று அங்கேயே பொறியாளரை வைத்துப் பாருங்கள். பதில் இல்லாதவற்றை எழுதிக்கொண்டு இறங்குங்கள். குழுவின் முதல் வேலை அவற்றிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூரிலிருந்து ஒரு குடிமகன்